மீன் தொட்டியில் வண்ணச் செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளான்டட் டேங்க், அதாவது உயிருள்ள செடிகள் வளரும் மீன் தொட்டி, வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது சிவப்புச் செடியைத்தான். கீழே உள்ள பதில்கள் நம் ஊர் வெயிலையும் போர் தண்ணீரையும் மனதில் வைத்து எழுதியவை. அளவு சொல்ல வேண்டிய இடங்களில் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியைக் கணக்கில் எடுத்திருக்கிறேன். மணல், கல் எல்லாம் போக அதில் ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொட்டி பெரியதோ சிறியதோ, அந்த விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

கடையில் ரத்தச் சிவப்பாக இருந்த செடி, வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் பச்சையாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. முதலில் கடை விளக்கைப் பாருங்கள். சிவப்பும் நீலமும் கலந்த எல்.இ.டி. விளக்கின் கீழ் எந்தச் செடியும் நிஜத்தைவிட ஒரு படி கூடுதலாகச் சிவந்து தெரியும். வாங்கும் முன் ஒரு தண்டைத் தூக்கி வாசல் பக்கம் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் மறுப்பதில்லை.

இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. நாம் நீர்ச்செடி என்று வாங்குவதில் பெரும்பகுதி உண்மையில் சதுப்புச் செடி. மழைக்காலத்தில் மூழ்கிக் கிடக்கும், தண்ணீர் வற்றியதும் வெளியே நின்று பூக்கும். நர்சரிகள் இவற்றை ஈரக் காற்றில், தண்ணீருக்கு வெளியேதான் வளர்க்கின்றன. வேகமாக வளரும், பாசி பிடிக்காது, அனுப்புவதும் சுலபம். ரொட்டாலா ரொட்டண்டிஃபோலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்காசியாவின் வயல்களிலும் ஈர நிலங்களிலும் தானாக முளைக்கும் செடி இது. வெளியே வளரும்போது இலை வட்டமாக, தடிப்பாக, பச்சையாக இருக்கும். அதே தண்டை மூழ்கடித்தால் இரண்டு வாரத்தில் நுனியிலிருந்து வரும் புது இலை மெலிந்து, நீண்டு, செம்பு நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ வரும். ஒரே தண்டில் கீழே வட்ட இலை, மேலே ஊசி இலை என்று இரண்டு வேறு செடிகளை ஒட்டியதுபோல் நிற்கும். கீழே உள்ள பழைய இலைகள் கண்ணாடிபோலாகி உதிரும். அது நோய் இல்லை.

அதனால் வாங்கி வந்த முதல் மூன்று வாரம் பழைய இலைகளைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். நுனியைப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் வெளிச்சத்திலும் தண்ணீரிலும் அந்தச் செடி என்ன நிறத்தில் இருக்கப்போகிறது என்பதை அந்த நுனி சொல்லிவிடும். அது பச்சையாக வந்தால் குறை செடியில் இல்லை, தொட்டியில் இருக்கிறது.

சரி, அந்தச் சிவப்பு எங்கிருந்துதான் வருகிறது?

பெரும்பாலான செடிகளில் அது ஆந்தோசயனின் என்ற நிறமி. பச்சையம் தாங்கும் அளவுக்கு மேல் வெளிச்சம் விழும்போது இலை தன்னைக் காத்துக்கொள்ளத் திரை போடுவதாக வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் குறைந்தால் திரைக்கு வேலை இல்லை, செடி அந்தச் செலவைச் செய்யாது. அதோடு நைட்ரேட் குறைவாக இருந்தால் செடி பச்சையத்தைக் குறைத்துக்கொள்ளும், அடியில் இருக்கும் சிவப்பு மேலே தெரியும். ரொட்டாலா வகைகளில் இது நன்றாக வேலை செய்யும். போட்டிக்குத் தொட்டி வைப்பவர்கள் கடைசி வாரங்களில் நைட்ரேட்டைப் பிடித்து வைப்பது இதற்காகத்தான்.

ஆனால் எல்லாச் செடிக்கும் இந்தப் பட்டினி வைத்தியம் பொருந்தாது. ஆல்டர்னாந்தெரா ரெய்னெக்கி, கடைகளில் 'ஏ.ஆர்.' என்று சொல்வார்களே, அதன் சிவப்பு வேறு ரகம். நம் தண்டுக்கீரையும் பீட்ரூட்டும் சிவப்பது எதனாலோ அதே பீட்டாலைன் குடும்ப நிறமி. தண்டுக்கீரையும் ஏ.ஆரும் ஒரே தாவரக் குடும்பம்தான். இதற்கு உரத்தை நிறுத்தினால் சிவப்பு கூடாது. இலை சுருண்டு, ஓட்டை விழுந்து, பாசி பிடித்துப் போகும்.

இரும்புச்சத்து ஊற்றினால் சிவக்கும் என்கிறார்களே?

இந்தத் துறையில் அதிகம் விற்கும் நம்பிக்கை இது. இரும்பு இல்லாவிட்டால் நுனி இலை வெளிறி, மஞ்சளாக வரும். அந்தக் குறையை நிரப்பினால் செடி தன் இயல்பு நிறத்துக்குத் திரும்பும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் கூடுதலாகச் சிவக்காது. தண்ணீரில் 0.1 முதல் 0.5 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இருந்தால் போதும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்க அதோடு ஒரு சேர்மத்தைச் சேர்த்து விற்பார்கள். அதில் மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை இரும்பு, தண்ணீரின் பி.எச். 6.5ஐத் தாண்டினால் பிரியத் தொடங்கி, செடிக்கு எட்டாத துருவாகப் படிந்துவிடும். போர் தண்ணீர் பெரும்பாலும் 7க்கு மேல். டி.டி.பி.ஏ. வகை 7.5 வரை தாக்குப்பிடிக்கும். அதை வாங்குங்கள். இ.டி.டி.ஹெச்.ஏ. வகை இன்னும் உறுதியானது, ஆனால் தண்ணீரையே ரோஸ் மில்க் நிறத்துக்கு மாற்றிவிடும். அதைத் தண்ணீரில் ஊற்றாமல் மண்ணுக்கு அடியில் வைக்கலாம்.

முதல்முறை வளர்ப்பவருக்கு எந்தச் செடி?

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமல், போர் தண்ணீரில், சாதாரண விளக்கில் ஓரளவு நிறம் காட்டும் செடிகள் உண்டு. என் பட்டியலில் முதலிடம் கிரிப்டோகோரைன் வெண்ட்டியின் பழுப்பு, செம்பழுப்பு வகைகளுக்கு. இலங்கையின் ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வளரும் செடி அது. கடினமான தண்ணீர், மங்கிய வெளிச்சம், 30 டிகிரிச் சூடு எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவது, ரெட் டைகர் லோட்டஸ். நம் ஆம்பலின் ஆப்பிரிக்க உறவு. ஒரு கிழங்கு, ஒரு தொட்டிக்குப் போதும். செந்நிற இலையில் கரும்புள்ளிகளோடு தண்ணீருக்குள்ளேயே நிற்கும். மேலே மிதக்கப் போகும் இலையை அடியோடு கிள்ளிவிட வேண்டும். விட்டால் குடை பிடித்து மற்றச் செடிகளை இருட்டில் தள்ளிவிடும். மூன்றாவது லுட்விஜியா ரெபென்ஸ். இலையின் மேல்புறம் ஆலிவ் பச்சை, அடிப்புறம் ரோஜா நிறம். வெளிச்சம் கூடினால் மேல்புறமும் சிவக்கும்.

இந்த மூன்றும் ஆறு மாதம் நன்றாக வளர்ந்த பிறகு மற்றதை யோசியுங்கள். ரொட்டாலா மக்ராண்ட்ராவின் படத்தைப் பார்த்து மயங்கி அதையே முதல் செடியாக வாங்குபவர்கள் அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நம் சொந்தச் செடிதான், இலை பட்டுத்துணி மாதிரி இருக்கும். ஆனால் மென்னீர், பலத்த வெளிச்சம், தடையில்லாத கார்பன் டை ஆக்சைடு மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடியிலிருந்து கரையத் தொடங்கிவிடும்.

வண்ணம் என்றால் சிவப்பு மட்டும்தானா?

இல்லை. ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மாவில் 'ரோசனெர்விக்' என்ற வகை இளஞ்சிவப்பு இலையில் வெள்ளை நரம்போடு வரும். அந்த நரம்புக் கோலத்துக்குக் காரணம், செடிக்குப் பெரிய தீங்கு செய்யாத ஒரு வைரஸ். போகோஸ்டெமன் ஸ்டெல்லாட்டஸ் ஊதா கலந்து வரும். போர்னியோவின் பூசிஃபலாண்ட்ரா கல்லில் ஒட்டி வளரும், சாய்த்துப் பார்த்தால் மயில்கழுத்து நீலம் மின்னும். மேற்குத் தொடர்ச்சி மலையின் லாஜெனாண்ட்ரா மீபோல்டி செம்பழுப்பும் ரோஜாவும் கலந்த அகல இலையோடு மெதுவாக வளரும். இதைக் காட்டிலிருந்து பிடுங்கி விற்பவர்களிடம் வாங்காதீர்கள். நர்சரியில் வளர்த்ததே கிடைக்கிறது.

பச்சையிலும் பல பச்சை உண்டு. சிவப்பு எடுப்பாகத் தெரிவதே பக்கத்தில் இளம்பச்சை இருந்தால்தான். தொட்டி முழுக்கச் சிவப்பை நட்டால் துருப்பிடித்த மாதிரி இருக்கும். டச்சுப் பாணித் தொட்டிகளைப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு செடிக்கும் ஒரு திட்டு, திட்டுக்குப் பக்கத்தில் மாறுபட்ட இலையும் நிறமும், சிவப்பு ஓரிரண்டு இடத்தில் மட்டும், அதுவும் நடு மையத்தில் இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி.

எதை வாங்கக் கூடாது?

மீன் கடைத் தொட்டியில் மூழ்கி நிற்பதால் மட்டும் ஒரு செடி நீர்ச்செடி ஆகிவிடாது. லக்கி பேம்பூ, டைஃபன்பேக்கியா, கோர்டிலைன், ஹெமிகிராஃபிஸ் எல்லாம் வீட்டுச் செடிகள். பளிச்சென்று ஊதாவிலும் வெள்ளைக் கோட்டிலும் இருப்பதால் விற்றுப்போகும். மூழ்கடித்தால் சில வாரம் அப்படியே நிற்கும், அப்புறம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். சிவப்புப் பொன்னாங்கண்ணியும் இதே கணக்குதான். ஏ.ஆருக்கு நெருங்கிய உறவு, ஈர மண்ணை விரும்பும், ஆனால் நிரந்தரமாக மூழ்கி வாழாது. அதைப் பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாறாக, நீர்ப்பிரமி நன்றாகவே மூழ்கி வளரும். நிறம் பச்சைதான், ஆனால் சிவப்புக்குப் பக்கத்தில் நிறுத்த அருமையான செடி.

ஒரு சோதனை சொல்கிறேன். தண்டைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடியுங்கள். உண்மையாகவே தண்ணீருக்குள் வளர்ந்த இலை துவண்டு தொங்கும். விறைப்பாக நின்றால், ஒன்று நர்சரியில் வெளியே வளர்ந்தது, அல்லது நீர்ச்செடியே இல்லை. எது என்று பெயரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். டி.டி.எஸ். ஆயிரத்தைத் தொடுகிறது. வளருமா?

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்த அளவு. அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதில் சுண்ணாம்பும் மக்னீசியமும் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதுதான் விஷயம். சுண்ணாம்பால் ஏறிய கடினத்தை முன்னே சொன்ன கிரிப்ட், லோட்டஸ், லுட்விஜியா, ஏ.ஆர். நான்கும் பொறுத்துக்கொள்ளும். கடலோரத்தில் உவர் ஏறிய தண்ணீர் என்றால் எதுவும் உருப்படாது. நாக்கில் ஒரு சொட்டு வைத்தாலே கரிக்கும். அங்கே ஆர்.ஓ. தண்ணீர் கலப்பதுதான் வழி. மூன்று பங்கு ஆர்.ஓ.வுக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் என்று தொடங்கலாம். வெறும் ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது. அதில் செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் இருக்காது.

மாடியில் வாட்டர் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும் இயந்திரம். குளிக்க நல்லது, செடிக்கு ஆகாது. சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சில சொட்டுகள் கட்டாயம்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் என்றால் கிரிப்ட் வளரும், 20 முதல் 40 என்றால் லுட்விஜியா நிறம் காட்டும், 40ஐத் தாண்டினால் ரொட்டாலா சிவக்கும். 2 அடி, 10 வாட் எல்.இ.டி. பேட்டன் ஒன்று ஏறக்குறைய 1000 லூமென் தரும். 50 லிட்டர் தொட்டிக்கு இரண்டு போட்டால் நடுத்தரத்தின் உச்சிக்கு வந்துவிடுவீர்கள். விலை உயர்ந்த அக்வேரியம் விளக்கு இல்லாமலே இவ்வளவு முடியும். பெட்டியில் 6500 கே என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் செடி வளரும், ஆனால் பார்க்க அழுக்காக இருக்கும்.

தினமும் 6 மணி நேரம் எரியவிடுவதில் தொடங்கி, மெல்லக் கூட்டி 8 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டைமர் வைத்துவிடுவது நல்லது. ஜன்னல் வெயிலை நம்ப வேண்டாம், அது பாசியைத்தான் முதலில் வளர்க்கும். இன்னொன்று: கார்பன் டை ஆக்சைடு கொடுக்காமல் வெளிச்சத்தை மட்டும் ஏற்றினால் சிவப்பு வராது, பச்சைத் தண்ணீர்தான் வரும்.

அப்படியென்றால் கார்பன் டை ஆக்சைடு கட்டாயமா?

பழுப்பும் செம்பும் போதும் என்றால் தேவையில்லை. அடர் சிவப்பு வேண்டும் என்றால் தேவை. பல வண்ணச் செடிகளின் வளர்ச்சியை முதலில் தடுத்து நிறுத்துவது கார்பன் பற்றாக்குறைதான்.

மலிவான வழி ஈஸ்ட் பாட்டில். 2 லிட்டர் பாட்டிலில் 200 கிராம் சர்க்கரை, அரை டீஸ்பூன் ஈஸ்ட், முக்கால் பாகம் வெதுவெதுப்பான தண்ணீர். மூடியில் துளையிட்டு ஏர் டியூப், நடுவில் நுரையைப் பிடிக்க இன்னொரு சிறு பாட்டில். இரண்டு வாரம் ஓடும், வெயில் காலத்தில் வேகமாகப் பொங்கி அதற்கு முன்பே அடங்கிவிடும். இதன் பெரிய குறை, ராத்திரியில் நிறுத்த முடியாது. செடிகள் ராத்திரியில் கார்பன் டை ஆக்சைடை எடுக்காது, அதனால் மீனுக்கு மூச்சு முட்டும். விளக்கு அணைந்ததும் ஏர் பம்ப் ஓடும்படி வையுங்கள்.

சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் கலக்கும் பாட்டில் கிட், இதைவிடக் கட்டுப்பாடானது. கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது சிலிண்டரில்தான். தீயணைப்பான் நிரப்பும் கடைகளிலும், சோடா கம்பெனிகளுக்கு காஸ் கொடுக்கும் இடங்களிலும் நிரப்பிக்கொள்ளலாம். சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும், வெயில் படக் கூடாது.

நொடிக்கு ஒரு குமிழில் தொடங்குங்கள். விளக்கு எரிய ஒரு மணி நேரம் முன்னால் திறந்து, அணைய ஒரு மணி நேரம் முன்னால் மூட வேண்டும். அளவு பார்க்க டிராப் செக்கர் என்ற சிறு கண்ணாடிக் குமிழைத் தொட்டிக்குள் ஒட்டுவார்கள். உள்ளே இருக்கும் திரவம் நீலமாக இருந்தால் குறைவு, இலைப்பச்சை என்றால் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும் என்பதால் அதைவிட மீனைப் பார்ப்பது நம்பகமானது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் வால்வை உடனே மூடிவிட்டு, தண்ணீர் மாற்றி, ஏர் பம்பைப் போடுங்கள்.

'லிக்விட் கார்பன்' என்று விற்பது பெரும்பாலும் குளுட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ரசாயனம். பாசியை அடக்கும், சில செடிகளைக் கரைக்கும், கையில் பட்டால் எரியும். கார்பன் டை ஆக்சைடுக்கு அது மாற்று இல்லை.

அடியில் என்ன போடுவது?

ஆற்று மணலைச் சலித்து, 2 மி.மீ. பருக்கையை எடுத்து, தண்ணீர் தெளியும்வரை கழுவி, 2 அங்குலம் போட்டாலே போதும். கூடவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேர்ப்பக்கத்தில் ரூட் டேப் என்ற உர மாத்திரையைப் புதையுங்கள். கடல் மணல், சிப்பி, பவழக் கல் கூடாது, கடினத்தை ஏற்றும். சந்தேகமான கல்லில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வெளியே வையுங்கள். அக்வா சாயில் என்ற, மீன் தொட்டிச் செடிகளுக்கென்றே விற்கும் மண் உருண்டைகள் கிடைத்தால், வசதியும் இருந்தால், அதுதான் சிறந்தது. தண்ணீரை மென்மையாக்கும். முதல் சில வாரம் அமோனியா விடும், அதுவரை மீன் விடக் கூடாது. தோட்டத்து மண்ணைக் கீழே போட்டு மேலே மணல் மூடுவதும் உண்டு, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் செடியைப் பிடுங்கி மாற்றி நடும் பழக்கம் இருப்பவர்களுக்கு அது சரிப்படாது. ஒவ்வொரு முறையும் சேறு கிளம்பும்.

உரம் என்ன, எவ்வளவு?

அக்வேரியம் உர பாட்டிலில் இருப்பதும் விவசாய உரக்கடையில் இருப்பதும் ஒரே உப்புகள்தான். உரக்கடையில் 13-0-45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட், 0-52-34 என்றால் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். இரண்டும் ஒவ்வொரு கிலோ வாங்கினால் சின்னத் தொட்டிக்கு வருஷக்கணக்கில் தீராது. மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு, அதுவும் அங்கேயே உண்டு.

50 லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட், நைட்ரேட்டை 12 பி.பி.எம். உயர்த்தும். 0.1 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், பாஸ்பேட்டை 1.4 பி.பி.எம். உயர்த்தும். சிலிண்டர் வைத்த தொட்டிக்கு இது ஒரு வாரத்து அளவு. இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துப் போடுங்கள். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு இதில் கால் பங்கு போதும். நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொண்டால் கண்ணளவுக்கு வேலை இல்லை. வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றிவிட்டால் எதுவும் தேங்காது.

அதே கடையில் 19-19-19ஐ நீட்டுவார்கள். வேண்டாம். அதில் யூரியாவும் அம்மோனியமும் இருக்கும். மீன் செத்துப்போகும், பாசி கொண்டாடும். நுண்சத்துக் கலவை வாங்கும்போது தாமிர அளவைப் பாருங்கள். தொட்டியில் இறால் இருந்தால் தாமிரம் விஷம்.

நடுவதில் ஏதாவது முறை இருக்கிறதா?

கட்டாக, அடியில் ஈயப் பட்டை சுற்றி வருவதை அப்படியே குத்திவிடுவதுதான் எல்லோரும் செய்வது. கட்டின் நடுவில் வெளிச்சமே போகாது, தண்டு அழுகும். பட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு தண்டிலும் நசுங்கிய அடிப்பகுதியை ஒரு கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். கடைசி இரண்டு கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, நீண்ட இடுக்கியால் பிடித்து, மணலில் சாய்வாக இறக்கி, இடுக்கியை மெல்லத் தளர்த்தி வெளியே எடுங்கள். தண்டுக்குத் தண்டு ஒரு விரல் இடைவெளி. இலை நீக்கிய அந்தக் கணுக்களிலிருந்துதான் வேர் வரும்.

இன்னொன்று, முதல் நாளே நெருக்கமாக நடுங்கள். நாலு தண்டு நட்டுவிட்டு நிறையும் என்று காத்திருந்தால் அந்த இடத்தைப் பாசி நிரப்பிவிடும். பணம் குறைவு என்றால் மலிவான பச்சைத் தண்டுச் செடிகளால் நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வண்ணச் செடிக்கு இடம் கொடுக்கலாம்.

கிரிப்ட் நட்டு ஒரு வாரத்தில் எல்லா இலையும் கூழாகிவிட்டது.

பிடுங்காதீர்கள். இடம் மாறினால் அது இலையைக் கரைத்துவிட்டு வேரிலிருந்து மறுபடி வரும். கூழை மட்டும் அள்ளி எடுத்துவிட்டு ஒரு மாதம் விடுங்கள்.

மே மாதத்தில் தொட்டி 32 டிகிரிக்குப் போகிறது. என்ன செய்யலாம்?

சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் தங்காது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 32இல் 7.3தான். மீனுக்கு மூச்சு வேகம் கூடும் நேரத்தில் இருப்பு குறைகிறது. அதனால் கோடையில் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்க வேண்டும், அதற்கேற்ப வெளிச்சத்தையும் ஒரு மணி நேரம் குறைக்க வேண்டும். சிவப்பு கொஞ்சம் மங்கும். மங்கட்டும்.

மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பரப்பில் காற்று படும்படி கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைக் கிளிப் போட்டு வைத்தால் 2 முதல் 3 டிகிரி இறங்கும். கோவை, மதுரையின் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் பலன் குறைவு. ஆவியான தண்ணீருக்குப் பதிலாக ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு மட்டும் தங்கித் தங்கிக் கடினம் ஏறும். ஐஸ் கட்டி போடுவது வேண்டாம். ஏறி இறங்கும் வெப்பத்தைவிட நிலையான 31 டிகிரி மேல்.

சிவப்பு இலையின் ஓரமெல்லாம் கறுப்பு முடிபோலப் பாசி. எப்படி ஒழிப்பது?

கறுப்புத் தூரிகைப் பாசி அது. கார்பன் டை ஆக்சைடு ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய இருக்கும் தொட்டிகளில்தான் அதிகம் வரும். ஈஸ்ட் பாட்டில்காரர்களுக்கு இது பழகிய விருந்தாளி. பிடித்த இலையை வெட்டி எறியுங்கள், அது மீளாது. கல்லிலும் கட்டையிலும் இருப்பதற்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஃபில்டரை நிறுத்திவிட்டு சிரிஞ்சால் நேராக அதன்மேல் சில மில்லி விடுங்கள். இரண்டு நாளில் இளஞ்சிவப்பாகிச் சாகும், மீன்கள் மேயும்.

புதுத் தொட்டியில் வரும் பழுப்புத் தூள் தானாகப் போய்விடும். கண்ணாடியில் பச்சைப் புள்ளி வந்தால் பாஸ்பேட் குறைவு, அல்லது வெளிச்சம் அதிகம். நீலப்பச்சையாகப் போர்வைபோல் மூடி நாற்றம் அடித்தால் அது பாசியே இல்லை, பாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்று நாள் தொட்டியை முழு இருட்டில் மூடி வைத்து, பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

செடியோடு நத்தை வந்துவிடுகிறதே?

நடும் முன் லேசான இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் பத்து நிமிடம் முக்கி அலசுங்கள். முட்டை சில தப்பிக்கும். தப்பித்தாலும் பெரிய கேடில்லை. நத்தை பெருகினால் மீனுக்குத் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

எந்த மீன் விடலாம்?

டெட்ரா, ரஸ்போரா, கப்பி, செர்ரி இறால். கோல்டு ஃபிஷும் கோயும் செடியைத் தின்னும், தோண்டும். சிவப்பின் மேல் அவற்றுக்குத் தனிப் பிரியமோ என்று தோன்றும் அளவுக்கு லுட்விஜியாவைத்தான் முதலில் காலி செய்யும்.

எப்போது, எப்படி வெட்டுவது?

தண்டு தண்ணீர் மட்டத்தைத் தொட்டதும். ரொட்டாலாவைப் பாதியில் வெட்டினால் வெட்டிய இடத்தில் இரண்டு நுனி கிளம்பும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் புதராகும். நிறம் நுனியில்தான் என்பதால், நுனி கூடக் கூடச் சிவப்பு கூடும். ஏ.ஆர். அப்படிப் புதராகாது. நுனியை வெட்டிப் பக்கத்தில் நட்டுவிட்டு, அடித்தண்டு வெளிறிப்போனால் பிடுங்கிவிடுங்கள். வெட்டிய அன்றே தண்ணீரும் மாற்றிவிடுங்கள், வெட்டுவாயிலிருந்து கசிவது பாசிக்குத் தீனி.

வெட்டியதை ஏரியிலோ கிணற்றிலோ போட்டால் வளரட்டுமே?

கூடாது. 2020இல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் ஆவளப்பாண்டி என்ற ஊரில் ஒரு நீரோடை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து, படம் எடுக்கக் கூட்டம் கூடியது. பூத்தது தென் அமெரிக்காவின் கபோம்பா ஃபுர்காட்டா, நம் கடைகளில் சிவப்பு கபோம்பா என்று விற்கும் அதே தொட்டிச் செடி. பார்க்க அழகு, ஆனால் உள்ளூர்ச் செடிகளை மூச்சு முட்டவைத்து வாய்க்காலை அடைத்துவிடும். நம் பக்கத்திலிருந்து போனதும் உண்டு. 1950களில் இலங்கையிலிருந்து தொட்டிச் செடியாக ஃப்ளோரிடா போன ஹைட்ரில்லா அங்கே ஏரி ஏரியாகப் பரவி, இன்றுவரை செலவு வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கணு தப்பினால் போதும், அது முழுச் செடி.

நல்ல நுனிகளை இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடுங்கள், இல்லையென்றால் கடையில் கொடுத்து மீன் தீனியாக மாற்றிக்கொள்ளுங்கள். மிச்சத்தை மொட்டை மாடியில் இரண்டு நாள் சருகாகும்வரை காயவைத்துப் பூந்தொட்டியில் போட்டுவிடலாம். ஈரத்தோடு சாக்கடையில் மட்டும் தள்ளிவிடாதீர்கள், அதுவும் ஏதோ ஒரு ஏரிக்குத்தான் போகிறது.